அந்தக் கதவைத் திறக்கக் கூடாது!

பரனால் மலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். பார்க்காமல் எப்படி இருக்க முடியும்? சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், 2,635 மீட்டர் உயரத்தில், மலையுச்சியை வெடிவைத்துத் தட்டையாக்கி, 8.2 மீட்டர் கண்ணாடி கொண்ட நான்கு தொலைநோக்கிகளை நிறுத்தியிருக்கிறது ஐரோப்பிய தெற்கு வானாய்வகம். எனக்கோ கவனமெல்லாம் தரைக்குக் கீழே! அந்த நான்கிலிருந்தும் சுரங்கப் பாதைகள் புறப்பட்டு, மேடைக்கு அடியில் ஓர் அறையில் வந்து கூடுகின்றன. ஆண்டுக்கணக்கில் விண்வெளியைக் கடந்து வந்த ஒளி, முப்பட்டகம், கண்ணாடி, லென்ஸ் என்று மாறிமாறித் திரும்பி, கடைசி ஐம்பது அறுபது மீட்டரை இந்த இருட்டுக்குள் கடக்கிறது. எங்கே போகிறது? வாருங்கள், அதன் பின்னாலேயே போய்விடுவோம்.

அறைக்குள் அறை. அதற்குள்ளும் ஓர் அறை. அதற்குள், காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட ஓர் எஃகுத் தொட்டி. தொட்டிக்குள் எஸ்பிரெஸ்ஸோ என்ற நிறமாலைமானி. 2017 நவம்பரில்தான் அதற்குள் முதன்முதலாக விண்மீன் ஒளி நுழைந்தது. நான்கு தொலைநோக்கிகளில் எது ஒன்றிலிருந்தும் ஒளியை வாங்கிக்கொள்ளும். வேண்டுமானால் நான்கிலிருந்தும் ஒருசேர வாங்கிக்கொள்ளும். உள்ளே வெப்பநிலை டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் கட்டுப்படுத்தப்படுகிறது. மனித உடல் சும்மா நின்றாலே ஏறக்குறைய 100 வாட் சூட்டை வெளியே விடுகிறது. ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாலே போதும், அந்த அமைதி கெட்டுவிடும். அதனால் கருவியை இயக்குகிறவர்களும் தள்ளியிருக்கிற கட்டுப்பாட்டு அறையில் திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை நடக்கும்போது அந்தக் கதவைத் திறக்கக் கூடாது!

இவ்வளவு பொத்திப் பொத்தி வைப்பது வேற்று உலகங்களைக் கண்டுபிடிக்க. ஆனால் இந்தத் தொட்டிக்குக் கோள் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் விண்மீனின் ஒளி மட்டுமே. கோள் விண்மீனைச் சுற்றுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். உள்ளபடி பார்த்தால் இரண்டுமே தங்களுக்குப் பொதுவான நிறைமையத்தைச் சுற்றுகின்றன. கோள் பெரிய வட்டம் போடுகிறது, விண்மீன் மிகச் சிறிய வட்டம் போடுகிறது. அந்தச் சின்ன வட்டத்தில் விண்மீன் நம் பக்கம் வரும்போது அதன் ஒளியலைகள் துளி நெருங்கி நீலத்தின் பக்கம் சாய்கின்றன. விலகும்போது துளி நீண்டு சிவப்பின் பக்கம் சாய்கின்றன. நம் பார்வைக் கோட்டில் நடக்கிற இந்தப் போக்குவரத்தின் வேகம்தான் ஆரத்திசைவேகம். அது எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்பதிலிருந்து கோளின் ஆண்டுக்கணக்கு கிடைத்துவிடும். எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதிலிருந்து கோளின் நிறை கிடைத்துவிடும். சுற்றுப்பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது தெரியாததால், 'குறைந்தபட்சம் இவ்வளவு' என்றுதான் அந்த நிறையைச் சொல்ல முடியும்.

இப்போது எண்களைப் பாருங்கள். வியாழன் நம் சூரியனை நொடிக்கு 12.5 மீட்டர் வேகத்தில் அசைக்கிறது. பூமி? நொடிக்கு 9 சென்டிமீட்டர். சுமார் 14 லட்சம் கிலோமீட்டர் குறுக்களவுள்ள கொதிக்கும் வாயு உருண்டையை நம் பூமி அசைக்கும் வேகம் அவ்வளவே! இதைப் பல ஒளியாண்டு தூரத்திலிருந்து அளக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆசை பழையதுதான். விண்மீனுக்கு மிக அருகில் பெரிய கோள்கள் இருந்தால் இந்த வழியில் பிடித்துவிடலாம் என்று ஓட்டோ ஸ்ட்ரூவ 1952-லேயே எழுதினார். 1980-களில் புரூஸ் காம்பெல், கோர்டன் வாக்கர் என்ற இரண்டு கனடியர்கள் ஹவாயில் செய்த வேலையை நினைத்தால் இன்றும் எனக்குப் புல்லரிக்கிறது. அளவுகோலாக ஒரு வாயுவை வைத்து அதன் வழியே விண்மீன் ஒளியைச் செலுத்த வேண்டும். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது ஹைட்ரஜன் ஃபுளோரைடு! ஆளைக் கொல்லும், கண்ணாடியையே அரிக்கும் நச்சு வாயு. அதைத் தொலைநோக்கிக்குப் பக்கத்தில் சூடாக்கி வைத்துக்கொண்டு இரவுகளைக் கழித்தார்கள். பிறகு வந்தவர்கள் ஆபத்தில்லாத அயோடின் ஆவிக்கு மாறினார்கள். 1995-ல் பிரான்சின் ஓத்-புரோவான்ஸ் ஆய்வகத்தில் மிஷேல் மேயோரும் திதியே கெலோவும் 51 பெகாசி என்ற விண்மீன் நொடிக்கு ஐம்பது சொச்சம் மீட்டர் வேகத்தில் ஆடுவதைக் கண்டார்கள். வியாழனில் பாதி நிறையுள்ள கோள், 4.2 நாளில் ஒரு சுற்று. 2019-ல் நோபல் பரிசு. இந்தக் கதை ஊருக்கே தெரியும். நமக்கு வேண்டியது ஐம்பது மீட்டரிலிருந்து ஐம்பது சென்டிமீட்டருக்கு எப்படி இறங்கினார்கள் என்பது. ருசியே அங்கேதான்.

அதற்குப் பரனாலிலிருந்து இன்னும் தெற்கே, லா சியா மலைக்குப் போக வேண்டும். அங்கே 3.6 மீட்டர் தொலைநோக்கியின் அடியில் 2003-லிருந்து வேலை செய்கிறது ஹார்ப்ஸ். எஸ்பிரெஸ்ஸோவுக்கு அண்ணன். எஃகுத் தொட்டி என்ற யோசனையைப் பெரிய அளவில் செய்து காட்டியது இதுதான். ஏன் தொட்டி? காற்றில் ஒளி வளைகிறது. காற்றழுத்தம் மாறினால் வளைவும் மாறும். திறந்த அறையில் வைத்தால், வெளியே அழுத்தம் ஒரே ஒரு மில்லிபார் மாறினாலும் நிறமாலை நொடிக்கு 100 மீட்டர் அளவுக்கு இடம் பெயர்ந்துவிடும். வானிலை அறிக்கையில் ஒரு மில்லிபாரை யாராவது கண்டுகொள்வோமா? இங்கே அது பொய்யாக ஒரு பெரிய கோளையே உண்டாக்கிவிடும். எனவே காற்றே வேண்டாம் என்று வெளியேற்றிவிட்டார்கள். வெப்பநிலையை டிகிரியின் நூறில் ஒரு பங்குக்குள் கட்டிப்போட்டார்கள்.

தொட்டிக்குள் ஒளியைப் பிரித்து, வரிசை வரிசையாக ஒரு சிலிக்கான் சில்லின் மீது விரிக்கிறார்கள். அந்த நிறமாலையில் இரும்பும் கால்சியமும் டைட்டானியமும் ஆயிரக்கணக்கான கருங்கோடுகளாகப் பதிந்திருக்கும். சில்லில் ஒரு பிக்சலின் அகலம் 15 மைக்ரான், அதாவது 0.015 மில்லிமீட்டர். விண்மீன் நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் மாறினால் அந்தக் கோடுகள் எவ்வளவு நகரும் தெரியுமா? பிக்சலில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. இருபது நானோமீட்டருக்கும் குறைவு! பூமியின் 9 சென்டிமீட்டருக்குக் கணக்குப் போட்டால் ஒன்றரை நானோமீட்டர் சொச்சம் வருகிறது. சில்லின் சிலிக்கான் அணுக்களுக்கு நடுவே இருப்பது கால் நானோமீட்டர் இடைவெளி. ஆகவே நம் உலகத்தைப் போன்ற இன்னோர் உலகம், இங்கே வந்து சேரும்போது, ஆறேழு அணுக்களின் அகலமாகச் சுருங்கியிருக்கும். இந்தக் கணக்கைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு உட்கார முடிவதில்லை, எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வருகிறேன்!

ஒற்றைக் கோட்டில் இதைப் பார்க்கவே முடியாது. ஆயிரக்கணக்கான கோடுகளை ஒன்றுசேர்த்து, எல்லாம் கூட்டாக எந்தப் பக்கம் நகர்ந்தன என்று கணக்கிடுகிறார்கள். சில்லே வெப்பத்தால் ஒரு மயிரிழை விரிந்தால்? அதற்கும் காவல் உண்டு. தொட்டிக்குள் இரண்டு ஒளியிழைகள் நுழைகின்றன. ஒன்றில் விண்மீன் ஒளி. இன்னொன்றில், அதே நேரத்தில், அலைநீளம் துல்லியமாகத் தெரிந்த ஒப்பீட்டு ஒளி. முதலில் அதற்குத் தோரியம்-ஆர்கான் விளக்கை வைத்திருந்தார்கள். பிறகு லேசர் அதிர்வெண் சீப்பு வந்தது: அணுக் கடிகாரத்தோடு கட்டிப்போட்ட, சம இடைவெளியில் நிற்கும் ஆயிரக்கணக்கான ஒளிக்கோடுகள். ஒப்பீட்டு ஒளி நகர்ந்தால் குற்றவாளி கருவி. விண்மீனின் ஒளி மட்டும் நகர்ந்தால், ஆஹா!

ஒளியிழையின் வடிவம்கூடச் சும்மா விடப்படவில்லை. வட்டமான இழையின் வாயில் விண்மீனின் பிம்பம் சற்று ஓரமாக விழுந்தால் அந்த ஓரம் மறுமுனை வரை மறக்காமல் போய்ச் சேர்கிறது, அதுவும் வேகமாகத் தெரிகிறது. எண்கோண வடிவில் இழை செய்தால் ஒளி உள்ளே நன்றாகக் கலங்கிவிடுகிறது. 2015-ல் ஹார்ப்ஸின் இழைகளையே மாற்றிவிட்டார்கள்.

இனி நம் காலடிக்கு வருவோம். நாமே நின்ற இடத்தில் நிற்கவில்லையே! பூமி சூரியனைச் சுற்றி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. லா சியா மலையோ பூமியின் சுழற்சியில் நொடிக்கு 400 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. இந்த வேகங்களை எல்லாம் சென்டிமீட்டர் வரை கழித்த பிறகுதான் விண்மீனின் வேகம் மிஞ்சும். கழிப்பதற்கு நேரம் சரியாகத் தெரிய வேண்டும். ஒளிப்பதிவின் நடுநேரத்தை ஒரு நிமிடம் தப்பாக எடுத்துக்கொண்டால், பூமியின் சுழற்சியால் மட்டுமே நொடிக்கு 2 மீட்டர் வரை பொய் சேர்ந்துவிடும். நடுநேரம் என்பதும் கடிகாரத்தில் பாதி நேரம் அல்ல. பதிவு நடக்கும்போது பாதியில் ஒரு மெல்லிய மேகம் கடந்தால் முன்பாதியில் அதிக ஒளி, பின்பாதியில் குறைந்த ஒளி. அதனால் ஒவ்வொரு நொடியும் எவ்வளவு ஒளி வந்தது என்று எண்ணிக்கொண்டே இருக்க ஒரு தனிக் கருவி. அதன் பெயரை யாரும் தலைப்புச் செய்தியில் போடப் போவதில்லை. ஆனால் அது இல்லையென்றால் சிறிய கோள் ஒன்றுகூட இல்லை.

2016-ல் இதெல்லாம் கைகூடி வந்தது. கியெம் அங்லாதா-எஸ்குதே தலைமையில் ஒரு குழு, சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான ப்ராக்சிமா சென்டாரியை ஜனவரி 19 முதல் மார்ச் 31 வரை ஹார்ப்ஸ் வழியே விடாமல் பார்த்தது. ஒளிவுமறைவே இல்லை; தேடல் நடக்க நடக்க அது பொதுமக்களுக்குச் சொல்லப்பட்டது. வேறு சிறிய தொலைநோக்கிகள் அந்த விண்மீனின் பிரகாசத்தை ஒருபுறம் கண்காணித்தன, கரும்புள்ளி எதுவும் ஏமாற்றிவிடக் கூடாதே என்று. முதல் பத்து நாளில் நம்பிக்கை. இருபதாம் நாளில் கணக்கோடு ஒத்துப்போனது. முப்பதாம் நாளில் ஆய்வுக்கட்டுரையை எழுதவே ஆரம்பித்துவிட்டார்கள்! 11.2 நாளுக்கு ஒருமுறை அந்த விண்மீன் நொடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வந்து, அதே வேகத்தில் விலகிப் போகிறது. நீங்களும் நானும் சாப்பிட்டுவிட்டுத் தெருவில் நடக்கும் வேகம். 4.24 ஒளியாண்டு தூரத்தில் ஒரு விண்மீன் அந்த நடை நடக்கிறது. பூமியை ஒத்த நிறையுள்ள ஒரு கோள் அதை நடத்துகிறது. பிறகு எஸ்பிரெஸ்ஸோ அதே விண்மீனை எடுத்துக்கொண்டது. 2022-ல் ஜோவாவ் ஃபாரியாவின் குழு அங்கே இன்னொரு துடிப்பையும் கண்டது: 5 நாள் சுற்று, நொடிக்கு வெறும் 39 சென்டிமீட்டர், பூமியில் நாலில் ஒரு பங்கு நிறை.

இத்தனைக்கும் மேலே ஓர் எதிரி இருக்கிறது. அதை எந்தத் தொட்டிக்குள்ளும் அடைக்க முடியாது, ஏனென்றால் அது விண்மீனேதான். விண்மீனின் மேற்பரப்பு சும்மா கிடப்பதில்லை. சூடான வாயு பொங்கி எழுகிறது, ஆறி இறங்குகிறது. சூரியன் முழுவதுமே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விம்மித் தணிகிறது. அதைச் சமன்செய்யத்தான் சூரியனைப் போன்ற விண்மீன்களை ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடமாவது பதிவு செய்கிறார்கள். கரும்புள்ளி ஒன்று தோன்றி, சுழற்சியோடு ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்குப் போனால், நிறமாலைக் கோடுகள் கோணிக்கொண்டு அச்சு அசல் கோளின் வேலையாகவே தெரியும். இவையெல்லாம் நொடிக்கு மீட்டர் கணக்கில். நாம் தேடுவதோ சென்டிமீட்டர் கணக்கில்.

2012 அக்டோபரில் சேவியர் துமுஸ்க் தலைமையிலான குழு, ஆல்ஃபா சென்டாரி பி விண்மீனைச் சுற்றிப் பூமியின் நிறையை ஒத்த கோள் ஒன்று இருப்பதாக அறிவித்தது. 3.24 நாள் சுற்று, நொடிக்கு 51 சென்டிமீட்டர். உலகமே துள்ளிக் குதித்தது. 2015-ல் ஆக்ஸ்ஃபோர்டில் வினேஷ் ராஜ்பாலும் உடன் ஆய்ந்தவர்களும் ஒரு காரியம் செய்தார்கள். கோளே இல்லாத ஒரு விண்மீனைக் கணினியில் படைத்தார்கள். உண்மையான குழு எந்தெந்த இரவுகளில் பார்த்ததோ அதே இரவுகளில் மட்டும் இந்தக் கற்பனை விண்மீனையும் 'பார்த்தார்கள்'. என்ன வந்தது? அதே 3.24 நாள் துடிப்பு! பகலில் பார்க்க முடியாது, மழைமேகம் வந்தால் பார்க்க முடியாது, சில மாதங்கள் விண்மீன் இரவில் போதிய உயரத்தில் இருக்காது. இப்படி விழுந்த இடைவெளிகளும் விண்மீனின் சொந்தக் கொந்தளிப்பும் சேர்ந்து, இல்லாத கோளை உருவாக்கியிருந்தன. ஒரு கோளை இழப்பது வருத்தம்தான். ஆனாலும் அது எப்படி உருவானது என்று கண்டுபிடித்த அந்த யுக்தி, கோளைவிட எனக்கு அழகாகத் தெரிகிறது.

இந்த ஏமாற்றங்களையெல்லாம் சேர்த்து அனுபவித்த விண்மீன் பர்னார்டு. நம்மிடமிருந்து 6 ஒளியாண்டு. 1960-களில் பீட்டர் வான் டெ காம்ப் அது வானில் அசைவதாகவும் கோள் இருப்பதாகவும் சொன்னார். அசைந்தது விண்மீன் அல்ல, அவருடைய தொலைநோக்கியில் நடந்த மாற்றங்கள் என்று பிறகு தெரிந்தது. 2018-ல் ஆரத்திசைவேகத்தில் 233 நாள் சுற்றுள்ள கோள் ஒன்று அறிவிக்கப்பட்டது. மூன்றே ஆண்டில் அதுவும் விண்மீனின் சேட்டை என்று ஆனது. இத்தனைக்குப் பிறகு யாராவது அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பார்களா? படுத்தார்கள்! 2024 அக்டோபரில் கோன்சாலஸ் எர்னாண்டஸ் குழு எஸ்பிரெஸ்ஸோவின் பல ஆண்டுப் பதிவுகளை வைத்து அறிவித்தது: 3.15 நாள் சுற்று, நொடிக்கு 55 சென்டிமீட்டர், பூமியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேலான நிறை. கூடவே இன்னும் மூன்று துடிப்புகள் இருக்கலாம் என்ற சாடை.

அடுத்து வந்ததுதான் விருந்து. ஹவாயின் மௌனகேயாவில், ஜெமினி வடக்கு என்ற வேறு தொலைநோக்கியில், மரூன்-எக்ஸ் என்ற வேறு கருவி. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரித்விக் பசந்த் தலைமையிலான வேறு குழு. அவர்களும் அதே பர்னார்டைத் தனியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2025 மார்ச்சில் இரண்டு கருவிகளின் கணக்கையும் சேர்த்து வைத்தபோது நான்கு கோள்களும் உறுதியாகிவிட்டன! நான்குமே பூமியைவிட நிறை குறைந்தவை. மிகச் சிறியதற்குப் பூமியில் ஐந்தில் ஒரு பங்குதான் நிறை. அது விண்மீனை அசைப்பது நொடிக்கு இருபது சொச்சம் சென்டிமீட்டர். நான்கும் ஒரு வாரத்துக்குள் சுற்றி முடித்துவிடுகின்றன. ஒன்று பாலைவனத்தில், இன்னொன்று தீவில். இரண்டு கருவிகள், ஒரே விடை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அங்கே குடியேற முடியாது, முதலில் கண்ட கோளிலேயே 125 டிகிரி செல்சியஸ் கொதிக்கும். பரவாயில்லை. பர்னார்டு சூரியனில் ஆறில் ஒரு பங்கு நிறையே உள்ள குட்டி விண்மீன், கோள்களும் ஒட்டிச் சுற்றுகின்றன, அதனால்தான் இந்த இழுப்பு நமக்கு எட்டியது.

சூரியனைப் போன்ற விண்மீனில், ஓராண்டுச் சுற்றில் வரும் 9 சென்டிமீட்டருக்கு எப்போது போவது? அதற்கு விண்மீனின் சேட்டையை உள்ளும் புறமும் படித்தாக வேண்டும். கேனரித் தீவுகளில் ஒன்றான லா பால்மாவில் அந்தப் படிப்பு நடக்கிறது. அங்குள்ள இத்தாலியத் தொலைநோக்கியில் ஹார்ப்ஸின் இரட்டைப் பிறவியான ஹார்ப்ஸ்-என் இருக்கிறது. இரவெல்லாம் விண்மீன்களைப் பார்க்கும் அந்தக் கருவி பகலில் தூங்கிக்கொண்டிருந்தது. 2015-லிருந்து அதைத் தூங்க விடுவதில்லை! வெளியே ஒரு சின்ன ஒளிபுகும் கூண்டு, அதற்குள் மூன்று அங்குல லென்ஸ். அது சூரியனைத் தொடர்ந்து பார்க்கிறது. ஒரு கோளத்துக்குள் அந்த ஒளியைச் சிதறடித்து, இடம் வலம் எல்லாவற்றையும் குழப்பிக் கலக்கி, சூரியனைத் தூரத்து விண்மீனாகவே ஆக்கி ஹார்ப்ஸ்-என் கருவிக்குள் அனுப்புகிறார்கள். வானம் தெளிவாக இருக்கும் நாளெல்லாம் மணிக்கணக்கில், ஐந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு. எந்தக் கரும்புள்ளி எப்போது எங்கே இருந்தது என்று நேரில் பார்க்க முடிகிற ஒரே விண்மீன் இதுதானே! ஆல்ஃபா சென்டாரியில் கோளை அறிவித்தாரே சேவியர் துமுஸ்க், இந்தச் சூரியத் தொலைநோக்கியை முன்னின்று நடத்தியவர்களில் அவரும் ஒருவர். கணினியில் கற்பனை விண்மீன்களை உருவாக்கி, அவற்றுக்குள் கோள்களை ஒளித்துவைத்து, 'முடிந்தால் கண்டுபிடியுங்கள்' என்று உலகக் குழுக்களுக்குச் சவால் விட்டவரும் அவர்தான். 2018-ல் லா சியாவில் ஹார்ப்ஸுக்கும் ஒரு சூரியத் தொலைநோக்கி வந்துவிட்டது. லா பால்மாவிலேயே ஐசக் நியூட்டன் தொலைநோக்கியில் ஹார்ப்ஸ்-3 என்ற அடுத்த தம்பியை வைத்து, சூரியனை ஒத்த சில பத்து விண்மீன்களைப் பத்தாண்டுகள், முடிந்த இரவெல்லாம் பார்ப்பது என்று திட்டம்.

சூரியத் தொலைநோக்கியைக் கட்டியவர்களுக்கு ஓர் இலக்கு இருந்தது: வெள்ளியைக் கண்டுபிடிப்பது! வெள்ளி இருப்பது நமக்கெல்லாம் தெரியும். அதன் நிறையும் 225 நாள் சுற்றும் தெரியும். அது சூரியனை அசைப்பது பூமியைப் போலவே நொடிக்கு 9 சென்டிமீட்டரை ஒட்டித்தான். வெள்ளியைப் பார்க்காமல், சூரிய ஒளியின் நிறமாலையை மட்டும் வைத்து அதைப் பிடித்துவிட்டால், வேற்று விண்மீன்களில் இன்னொரு பூமியைப் பிடிக்கும் வழி திறந்துவிடும். முதல் சில ஆண்டுகளின் சூரியப் பதிவுகளைப் பொதுவெளியில் போட்டிருக்கிறார்கள். கணக்கும் கணினியும் தெரிந்த எந்தக் கல்லூரி மாணவியும் அதை இறக்கிக்கொண்டு, இன்றைக்கே வெள்ளியைத் தேட ஆரம்பிக்கலாம்.